கடற்கரைப் பட்டினங்களில் ஒரு துடக்குக் காலம்

1

நாளைக்கு ஆட்டத்திவசம், செத்து ஒரு வருசம் முடிகிற திவசம். குசினியில் உளுந்தை ஊறப்போட்டுவிட்டு, வாழையிலைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று யோகம் காலையிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருக்கிறாள். பாரிசில் எங்கள் ஆக்களின் கடைகள் இருக்கிற லா சப்பலில் இப்போது முருங்கைக்காய் வாங்கலாம், கறிவேப்பிலையும் வாங்கலாம். வாழையிலை மட்டும் பிளேனில் வந்தால்தான் உண்டு. அங்கே ரூ பெர்தொனே தெருவில் கடைக்காரரைக் கேட்டால், "அண்ணை, நாளையிண்டைக்கு ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்கிறார். செத்தவருக்கு நாளை மறுநாள் வா என்று தவணை சொல்ல ஏலுமோ?

செத்தவர் என்றது யோகத்தின் தம்பி குலம். கலியாணம் கட்டாதவன். நான் பிரான்சுக்கு வெளிக்கிட்டபோது என் மகள் தர்சினிக்கு இரண்டு வயசு. ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பேப்பர் கிடைக்க, வேலை கிடைக்க, வீடு கிடைக்க என்று ஏழு வருசம் போனது. அந்த ஏழு வருசமும் பிள்ளையைப் பார்த்தது குலம்தான். சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனான், பேன் பார்த்தான், தலையை இழுத்து இரட்டைப் பின்னல் பின்னிவிட்டான். ஆம்பிளை பின்னின பின்னல் எப்படி இருக்கும்? அனுப்பின படங்களில் ஒன்று மேலே நிற்கும், மற்றது கீழே தொங்கும். பிள்ளையின் முகத்தில் மட்டும் அப்படி ஒரு பெருமை.

எங்கள் பக்கத்தில் தகப்பனை ஐயா என்றும் கூப்பிடுவார்கள், அப்பா என்றும் கூப்பிடுவார்கள். மாமனை அப்படிக் கூப்பிடுகிறதில்லை. அவள் 'ஐயா'வைத் தூக்கி அவனுக்குக் கொடுத்துவிட்டாள். 'அப்பா' எனக்கென்று மிச்சம் கிடந்தது, அதுவும் கடிதத்தின் முதல் வரியில் மட்டும்.

போன வருசம், எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில், நாங்கள் மூன்று பேரும் ஒரு பழைய ரெனோ காரில் தெற்குக் கடலோரப் பட்டினங்களுக்குப் போய்வந்தோம். ஊரில் அதைக் கேள்விப்பட்டவர்கள், "அவைக்கென்ன, உல்லாசப் பயணம் போகினம்" என்று கதைத்தார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அந்த உல்லாசம் என்னவென்று எழுதத்தான் இப்போது இருக்கிறேன்.

2

யோகமும் தர்சினியும் வந்து இறங்கிய நாளில், விமான நிலையத்திலேயே பிள்ளை தாயின் சீலைக்குப் பின்னால் நின்று கேட்டாள்: "அம்மா, இவரை நான் என்னெண்டு கூப்பிடுறது?"

"என்ன கதை இது? அப்பா எண்டு கூப்பிடு."

தலையை ஆட்டினாள். ஆட்டினதோடு சரி. பிறகு ஒரு நாளும் என்னை ஒன்றும் கூப்பிடவில்லை. என்னோடு ஏதாவது அலுவல் என்றால் தாயைப் பார்த்துத்தான் கதைப்பாள்: "அம்மா, லைற்றை நிப்பாட்டலாமோ எண்டு கேளுங்கோ." பத்தடி அறையில் ஒருவருக்கு ஒருவர் தூது போவதைக் கண்டிருக்கிறீர்களோ? எங்கள் வீட்டில் அது நடந்தது. நான் இரண்டு வயசுப் பிள்ளைக்குக் கொடுக்கிற பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். எனக்கு அவள் அந்த வயசிலேயே நின்றுவிட்டாள் என்ற நினைப்பு.

பள்ளிக்கூடம் சேர்த்து ஆறு மாதத்தில் பிரெஞ்சு தண்ணியாக வந்துவிட்டது. எனக்கு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுகிற பிரெஞ்சு மட்டும்தான். ஆகவே பிரெபெக்சர் என்கிற அரசாங்கக் கந்தோரில் யோகத்தின் விசாப் பேப்பருக்கு வரிசையில் நின்றபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்குத் தர்சினிதான் மொழிபெயர்த்தாள். எட்டி எட்டி நின்று, "மொன் பேர்... மொன் பேர்..." என்று சொல்லிக்கொண்டு போனாள். என் தகப்பன் இப்படிச் சொல்கிறார், என் தகப்பன் அப்படிக் கேட்கிறார். முழங்கால் உளைய உளைய எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோசம். அவர்கள் எத்தனைதரம் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை என்றிருந்தது. தமிழில் நான் அவளுக்கு ஒருவரும் இல்லை. பிரெஞ்சில் மட்டும் தகப்பன்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், கடையடியில் ஊர்ப் பொடியன் ஒருவன் என்னைக் கண்டு ஓடிவந்தான். கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்து இரண்டு நாள். "அண்ணை, உங்கடை மச்சான் குலத்தின்ரை கதை தெரியுமோ?" என்றான். ரவுணுக்குச் சைக்கிளில் போன இடத்தில் ஷெல் விழுந்ததாம். எட்டாம் நாள் படையல், எட்டுச்செலவும் முடிந்துவிட்டதாம். நான் அங்கேயே அரிசி மூட்டைக்கு மேல் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோகத்திடம் சொன்னேன். பிள்ளை அப்போது நகரசபை நடத்துகிற விடுமுறைப் பகற்கூடத்துக்குப் போயிருந்தாள். யோகம் சுவரில் தலையை முட்டிமுட்டி அழுதாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கதவில் தட்டினாள். பிறகு யோகம், ஊரில் செய்வது போலவே, பச்சைத்தண்ணியில் தலை முழுகினாள். போட்டிருந்த உடுப்பு, படுக்கை விரிப்பு, யன்னல் சீலை எல்லாவற்றையும் கழற்றித் தோய்த்தாள்.

பிள்ளை பின்னேரம் வந்து, "ஏன் அம்மா பகலிலை முழுகினவ?" என்று கேட்டாள். தாயைப் பார்த்துத்தான்.

"வெக்கை" என்றேன் நான்.

அவள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படித்தாள்.

ஏன் ஒளித்தோம் என்று கேட்பீர்கள். இங்கே வந்த புதிதில் அந்தப் பிள்ளை ஐயாவை நினைத்து நினைத்துச் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாகப் போனாள். இப்போதுதான் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். எப்படிச் சொல்வது? "முதல் எங்கையும் கூட்டிக்கொண்டு போவம், கடலைக் காட்டுவம். அங்கை வைச்சுச் சொல்லுவம்" என்றேன். யோகம் கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்: "முப்பத்தோராம் நாளுக்குள்ளை சொல்லவேணும். வளர்த்த பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் என்ரை தம்பிக்கு அண்டைக்கு அந்தியேட்டிக் கிரியை முடியக்கூடாது."

சரி என்றேன். சொல்லுறது என்ன கஷ்டமோ என்று அப்போது நினைத்தேன்.

3

கார் பாண்டிச்சேரி லூர்துசாமியுடையது. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்ந்த மனுசன், பாரிசிலேயே ஸ்டாலின்கிராட் மெற்றோப் பக்கத்தில் இருக்கிறார். கண் மங்கிவிட்டதால் காரை எனக்கு மலிவாகத் தள்ளிவிட்டார். ரெஸ்ரோறன்ர் முதலாளி ஆவணி முழுக்கப் பூட்டிவிட்டு வக்கான்சுக்குப் போக, எனக்கும் விடுமுறை. வழி கேட்கப் போனால் லூர்துசாமி சொன்னார்: "பெரிய ரோட்ல பறக்காதீங்க. கீழ சமுத்திரத்தோரமா மெல்லமாப் போங்க. ஒவ்வொரு ஊர்லயும் வண்டிய நிறுத்திட்டு நடக்கணும். நடந்தாத்தான் ஊரு உங்ககிட்டப் பேசும்."

நாங்கள் நடந்தோம். எங்களோடு ஊர்தான் பேசியது. நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

முதல் இறங்கிய துறைமுகத்துக்குப் பெயர் செத். பலகையைப் பார்த்து நான் எழுத்துக்கூட்டி வாசிக்க, யோகம், "போயும் போயும் செத்த ஊருக்கோ எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் திடுக்கிட்டுக் கண்ணாடியில் பின் சீற்றைப் பார்த்தோம். தர்சினி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்ல ஊர். வீதி நடுவில் வாய்க்கால், வாய்க்கால் நிறைய மீன்பிடி வள்ளம். மூன்று பேரும் கரையோரமாக நடந்தோம். வலை பொத்துகிற கிழவர்கள், ஐஸ் பெட்டி இறக்குகிறவர்கள், வாசலில் கதிரை போட்டு இருந்து வம்பளக்கிற பெண்கள். நெருப்பில் சாளை வாட்டுகிற வாசம் வந்தது. எனக்கு வாய் ஊறிவிட்டது.

துடக்கு, அதுதான் சாவுத்தீட்டு, அதன் கணக்கை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தம்பியின் சாவில் மூன்று நாள்தான். எனக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. யோகம்தான், "அவனுக்கு ஆர் இருக்கினம்? நான் முப்பத்தொண்டும் காப்பன்" என்று மச்சம் மாமிசத்தை விட்டிருந்தாள். பிள்ளைக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று நான் அவளுக்கும் எனக்கும் மீன் வாங்கினேன். மீன் இல்லாமல் சோறு இறங்காத பிள்ளை அவள். அன்றைக்குத் தட்டைப் பார்த்துவிட்டு, "பசியில்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள் தாயிடம். வெறும் பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். இரண்டு பேருடைய மீனையும் நானே தின்றேன்.

பின்னேரம் யோகம் கண்ணால் எனக்குச் சாடை காட்டினாள், இப்ப சொல்லுங்கோ என்று. நான் அவளுக்குச் சாடை காட்டினேன், நீ சொல்லன் என்று. அப்படியே பொழுதுபட்டுவிட்டது.

4

மார்செய்யில் பழைய துறைமுகத்தடியில் காலையில் மீன் விற்கிறார்கள். மீன் துடிக்கத் துடிக்கப் பெண்கள் கூவுகிற கூவலில் எனக்கு மனம் குளிர்ந்த ஒரு புழுகம். பின்னால் மேட்டுக்கு ஏறுகிற ஒழுங்கைகளிலும் நடந்தோம். படிக்குமேல் படி, தலைக்குமேல் காயப்போட்ட உடுப்பு, யன்னலுக்கு யன்னல் சண்டை. "பாரிஸ் சனத்தை விட இதுகள் எங்கடை ஆக்கள் மாதிரி" என்று யோகம் கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்ல முதல் பிள்ளையின் வயிறு நிறையட்டும் என்று பொரித்த மீன் வைத்த பாண் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன்.

அவள் வாங்கினாள். இரண்டு எட்டு வைத்தாள். உள்ளே இருந்த மீனை உருவி, ஒரு துண்டும் விடாமல் கடற்காகத்துக்கு எறிந்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! "கோதாரி விழுவாள், உனக்கு என்ன கொழுப்போ? ஏழு வருசம் எச்சில் கோப்பை கழுவினது உன்ரை காகத்துக்குத் தீத்தவோ?" என்று நடு வீதியில் கத்தினேன். அவள் பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. தாய்க்கும் விளங்கவில்லை. முன்னுக்கு நடந்து போய்விட்டாள். பின்னல் இரண்டும் ஒரே அளவாக, நேராக, முதுகில் ஆடிக்கொண்டு போயின. இங்கே வந்து அவளே பின்னப் பழகிவிட்டாள்.

மலை உச்சியில் மாதா கோயில் ஒன்று இருக்கிறது. மாலுமிகளுடைய கோயில். ஏறிப் போனோம். வாசலில் யோகம் நின்றுவிட்டாள். துடக்கோடு எந்தச் சாமியின் வாசலும் மிதிக்கமாட்டாளாம். "கால் உளையுது, நீங்கள் போட்டு வாங்கோ" என்று படியில் இருந்தாள். தர்சினியும் பக்கத்தில் இருந்துகொண்டாள். இளம் பிள்ளைக்கு என்ன கால் உளைவு? சண்டையை மனதில் வைத்திருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். தனியே உள்ளே போனேன். முகட்டில் சின்னச் சின்னக் கப்பல்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், தப்பி வந்தவர்களுடைய நேர்த்தியாம். தாயே, இந்தப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு வாயைத் தா என்று கும்பிட்டேன். சைவக்காரன் கேட்டால் கொடுக்கமாட்டாவோ?

நீஸில் யோகம் கடைசியாகச் சொல்லிவிட்டாள்: "இண்டைக்கு நீங்கள்தான். நாளையிண்டைக்கு முப்பத்தொண்டு."

கடலோரமாகப் பெரிய நடைபாதை. நீலக் கதிரைகள் போட்டிருக்கும். சனம் ஒரு வேலையும் இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கும். நானும் தர்சினியும் முன்னுக்கு நடந்தோம். யோகம் வேண்டுமென்றே பின்தங்கினாள். மகளோடு தனியே நடப்பது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு அற்ப எண்ணம் ஓடியது. இதைச் சொன்னால் இவள் ஐயா, ஐயா என்று கதறுவாள், அதை நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். செத்த மனுசனில் எரிச்சல்படுகிறவனைக் கண்டிருக்கிறீர்களோ? நான்தான். என் பிள்ளையை வளர்த்துத் தந்தவனில், மண்ணோடு மண்ணாகப் போனவனில், எரிச்சல்.

தொண்டையைச் செருமினேன். "பிள்ளை, ஊரிலை குலம் மாமா..."

"ஐஸ்கிறீம் வாங்கித் தாறியளோ?" என்றாள் அவள் சடாரென்று. முதல் தடவையாக என்னைப் பார்த்து, நேரே கேட்டாள்.

வாங்கிக் கொடுத்தேன். தப்பினேன் என்று நானும் ஒன்று தின்றேன். யோகம் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

5

மொந்தோன் பிரான்சின் கடைசி ஊர். அங்காலே இத்தாலி. யோகத்திடம் அப்போது இருந்தது தற்காலிகத் துண்டுதான், அதோடு எல்லை கடக்க ஏலாது. எல்லைக் கம்பம் வரை நடந்து போய், பொலிஸ்காரன் எங்களைப் பார்க்க, நாங்கள் அவனைப் பார்க்க, திரும்பி வந்தோம். வழிநெடுக எலுமிச்சை மரம். "மிச்ச உலகம் நாளைக்கு" என்று பகிடி விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, பிள்ளை எழும்ப முதல் யோகம் கடலில் முழுகிவிட்டு வருவதென்றும், பிறகு இரண்டு பேருமாகச் சொல்வதென்றும் பேசிக்கொண்டோம். ஊரில் என்றால் கீரிமலைத் தீர்த்தக்கரையில் நடக்க வேண்டிய காரியம். ஐயர் இல்லை, உரிமைக்காரன் இல்லை. முன்தினம் இரவு யோகம் ஒரு பிடி எள்ளைக் கடதாசியில் சுற்றிச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள்.

விடிய எழும்பிப் பார்த்தால், நாங்கள் அடித்துப் படுத்திருந்த கூடாரத்தில் பிள்ளை இல்லை. கடற்கரைக்கு ஓடினோம். கூழாங்கல்லுக்கு மேல், மடியில் துவாயை வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி இருந்தாள்.

"இஞ்சை என்ன செய்யிறாய் பிள்ளை?" என்றாள் யோகம்.

"முழுக வந்தனான். இண்டைக்கு ஐயாவுக்கு அந்தியேட்டியெல்லோ? அம்மா எள்ளு முடிஞ்சதைக் கண்டனான்."

யோகம் அப்படியே கல்லில் இருந்துவிட்டாள். "ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அண்டைக்கு நான் வரேக்கை உங்கடை தலை ஈரம். யன்னல் சீலையெல்லாம் தோய்ச்சுக் கிடந்தது. ஆரோ செத்துப்போச்சினம் எண்டு அப்பவே தெரியும்."

"அது ஐயாதான் எண்டு..." என்று நான் இழுத்தேன்.

"வேறை ஆரெண்டாலும் எனக்குச் சொல்லியிருப்பியள்தானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கெட்டிக்காரர் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பத்து வயசுப் பிள்ளை ஊரில் எத்தனை செத்தவீடு கண்டிருக்கும் என்று எங்களுக்கு ஏன் யோசனை வரவில்லை?

"கேட்டிருக்கலாமே, பிள்ளை" என்றேன்.

"கேட்டால் நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போடுவியள்."

"நானும் காத்தனான்" என்றாள் தாயிடம். "மீன் தின்னேல்லை. கோயிலுக்கை போகேல்லை. ஒரு நாளும் தின்னேல்லை அம்மா. ஐயாவுக்கு அது போதுமோ?"

யோகம் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக் குழறினாள். "என்ரை தம்பீ, நீ வளர்த்த குஞ்சு உனக்குத் துடக்குக் காத்திருக்கடா" என்று, ஊரில் அழுகிற மாதிரியே, முழுக் குரலில் அழுதாள். பிள்ளையும் சேர்ந்து அழுதாள். ஐயா, ஐயா என்றுதான் அழுதாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு எரிச்சல் வரவில்லை. குலம், நீ பட்ட பாடு வீண்போகவில்லையடா என்று மனதுக்குள் சொன்னேன். எனக்கும் கண்ணீர் ஓடியது.

நாயோடு வந்த வெள்ளைக்கார மனுசி ஒருத்தி நின்று, என்ன நடந்தது, உதவி வேணுமோ என்று கேட்டாள். தர்சினி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, பிரெஞ்சில் மறுமொழி சொன்னாள்:

"மொன் பேர் ஏ மோர்."

என் தகப்பன் செத்துப்போனார். அது விளங்குகிற அளவு பிரெஞ்சு எனக்கும் வரும். அந்த மனுசி பிள்ளையின் தலையைத் தடவினாள். பக்கத்தில் நின்ற என்னை யாரென்று தெரியாமல், என் கையையும் பிடித்துத் துக்கம் சொல்லிவிட்டுப் போனாள். நான் மெர்சி சொன்னேன். வேறு என்ன சொல்ல?

பிறகு தாயும் மகளும் கடலுக்குள் இறங்கினார்கள். யோகம் முடிச்சை அவிழ்த்து எள்ளைப் பிள்ளையின் கையில் கொட்டினாள். பெண் பிள்ளை செய்யலாமோ என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தர்சினி எள்ளைத் தண்ணியில் விட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று தரம் முழுகினாள். நான் கரையில் நின்றேன். எனக்குத் துடக்கில்லை. நான் பதினைந்து நாளாக மீன் தின்றவன்.

ஆனால் நிற்க முடியவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காற்சட்டையோடு இறங்கினேன். அந்தக் கரையில் கல்லு உருளும், கால் வைக்க ஏலாது. தடுமாறினேன். தர்சினி இரண்டு எட்டு வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடவில்லை. நான் மச்சானை நினைத்து முழுகி எழும்பினேன். உப்புத்தண்ணி கண்ணை எரித்தது.

கரைக்கு வரும்போது அவள் ஏதோ கணக்குப் பார்க்கிற மாதிரி யோசித்துக்கொண்டு வந்தாள். மார்செய்யில் நான் போட்ட சத்தம் ஞாபகம் வந்ததோ, என் முகத்தில் எதையும் கண்டாளோ தெரியாது. நின்று, நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்கள் செத்தாலும் நான் மீன் தின்னமாட்டன், அப்பா."

"ஓம் பிள்ளை" என்றேன்.